ஓசையின்றி வரும் ஊர்தி

அகநானூற்றின் நான்காம் பாடல் குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலம் தொடங்கிவிட்டது, சொன்ன பருவத்தில் தலைவன் திரும்பிவிடுவான் என்று தோழி தலைவியைத் தேற்றும் முல்லைத்திணைப் பாட்டு. பூத்த சோலையில் துணையோடு தங்கித் தேனுண்ணும் வண்டினம் மணியோசை கேட்டுக் கலங்கிவிடலாகாது என்று, தன் தேர்மணிகளின் நாவை அசையாதபடி கட்டிவிட்டு வருகிறானாம் அந்தத் தலைவன். வகுப்பறையில் இப்பாடலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தலைவனின் அருளுள்ளத்தை எடுத்துச் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகங்களில் ஒரு மலர்ச்சியைக் கண்டிருக்கிறேன். ஆனால், நாவைக் கட்டிய மணியோடு வருகிற தேரால் வழியில் நடந்து செல்வோர்க்கு என்ன நேரும் என்ற வினாவை எந்த மாணவரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில்தான் தோன்றிற்று.

என் பெரியத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்வெளிகளில் உழைத்து உரமேறிய உடம்பு. சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவது அவரது அறுபதாண்டு வழக்கம். அன்று மின்தடை, தெருவிளக்கு இல்லை. தெருமுனையைத் திரும்பிய நொடியில் பின்னாலிருந்து ஒரு மின்ஸ்கூட்டர் மோதிற்று. ஓட்டி வந்தவன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுவன்; பின்னால் இன்னொருவன். இருவரும் தனிப்பயிற்சி வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்தனர். பையன்கள் ஓடிவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அழுதுகொண்டே கதவுகளைத் தட்டி ஆட்களை எழுப்பியவர்கள் அவர்களே. இடுப்பெலும்பு முறிந்து, அறுவை மருத்துவம் முடிந்து, மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார் பெரியத்தா. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார்: "சத்தம் வந்திருந்தா ஒதுங்கியிருப்பேன் தம்பி. மாட்டு வண்டிக்கு ஒதுங்கியிருக்கேன், லாரிக்கு ஒதுங்கியிருக்கேன். இது வந்ததே தெரியலையே."

சிறுவனின் தந்தை எங்களுக்கு அறிமுகமானவர், நல்ல மனிதர். தம்மால் இயன்ற தொகையைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். "இந்த வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை, நம்பர் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள்" என்று அவர் கூறியபோது, அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்றே முதலில் எண்ணினேன். உறவினரான வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டபின்தான், அவர் சொன்னது சட்டப்படி உண்மை என்று தெரிந்தது. இக்கட்டுரை எழுதத் தூண்டியது அந்த உண்மையே.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பேட்டரி வாகனத்திற்கென்று ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறது. மோட்டாரின் திறன், அரைமணி நேரத் தொடர் ஓட்டத்தில் அளக்கும்போது, 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அவ்வண்டி மோட்டார் வாகனமே ஆகாது; மிதிவண்டியின் இனத்தைச் சேர்ந்தது. மோட்டார் வாகனம் அன்று என்றாகிவிட்டபின் பதிவெண் இல்லை, ஓட்டுநர் உரிமம் இல்லை, தலைக்கவசக் கட்டாயம் இல்லை, வயது வரம்பும் இல்லை. 1980இல் வந்து நம் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு வாழைத் தோட்டத்திற்கும் உரமூட்டை சுமந்த டி.வி.எஸ். 50 வண்டியை ஓட்டப் பதினாறு வயது நிரம்ப வேண்டும், உரிமம் வேண்டும். படபடவென்று ஊரையே எழுப்பிக்கொண்டு வரும் அந்த வண்டிக்கு இருக்கும் கட்டுப்பாடு, ஓசையே எழுப்பாமல் வரும் இந்த வண்டிக்கு இல்லை.

விதியை வகுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மிதிவண்டியில் ஒரு சிறு மோட்டாரைப் பொருத்தி, மூச்சிரைக்கும் முதியவர் ஒருவர் மேட்டில் ஏறுவதற்கு உதவும் கருவியை அவர்கள் மனத்தில் கொண்டிருக்க வேண்டும். அதற்கு உரிமமும் காப்பீடும் கேட்பது மிகைதான். ஆனால் இன்று அவ்விதியின் நிழலில் விற்பனையாவது மிதிவண்டியன்று. அகன்ற இருக்கை, முன்விளக்கு, கண்ணாடி, இருவர் அமரும் இடம் என்று எல்லாவற்றாலும் முழு ஸ்கூட்டர். வண்டியும் பேட்டரியும் சிறுவர் இருவரும் சேர்ந்தால் எடை 150 கிலோவை எட்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏழு மீட்டர். எதிரில் ஆளைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு நொடி கழிந்தால் வண்டி ஏழு மீட்டர் ஓடியிருக்கும். எங்கள் தெருவின் அகலமே அவ்வளவு இராது.

அந்த 25 என்பதும் காகிதத்தில் மட்டுமே பல இடங்களில் நிற்கிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் ஓர் இணைப்பை மாற்றிவிட்டால் அதே வண்டி நாற்பதைத் தாண்டும் என்பதை நம் மாணவர்களே எனக்கு விளக்கினார்கள். எந்தப் பட்டறையில் அது நடக்கும் என்பதையும் சொன்னார்கள். (நான் கேளாமலே சொன்னார்கள். இலக்கணத்தில் இந்த ஆர்வம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!) அப்படி மாற்றப்பட்ட வண்டி அந்த நிமிடமே சட்டத்தின் கண்ணில் பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. ஓட்டுபவனுக்கோ வாங்கித் தந்த தந்தைக்கோ இது தெரிவதில்லை.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது காப்பீடு. மோட்டார் வாகனம் ஒன்று நம்மை மோதினால், வண்டி உரிமையாளர் ஏழையாயினும் செல்வராயினும், மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், விபத்து இழப்பீட்டு நடுவர் மன்றத்தில் முறையிட்டு ஈடு பெறலாம். மோட்டார் வாகனமே அல்லாத ஒன்று மோதினால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. உரிமையியல் நீதிமன்றத்திற்குச் சென்று, தெரிந்தவர் மேலேயே வழக்குத் தொடுத்து, ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். கட்டிலருகே வைக்கப்பட்ட அந்தத் தொகையைப் பெரியத்தா வாங்க மறுத்துவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், செலவு செய்தார்கள். மோதப்பட்டவர் தெருவில் கீரைக்கட்டு விற்கும் மூதாட்டியாக இருந்திருந்தால்? சலுகை கொடுத்தது அரசு. அதை அனுபவிப்பவர் ஓட்டுபவர். அதன் விலையைச் செலுத்துகிறவர் நடந்து செல்பவர். இந்தக் கணக்கு எனக்கு நேராகப் படவில்லை.

திருவாரூர்த் தேர்க்கால் கதையை நாம் அனைவரும் அறிவோம். இளவரசன் ஓட்டிய தேரின் சக்கரத்தில் கன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையே குற்றவாளியாக நிறுத்தினான். மனுநீதிச் சோழனின் தண்டனையை நாம் இன்று ஏற்கப்போவதில்லை. என்றாலும், கன்றுக்குத் தாய் உண்டு, அத்தாய் அடிப்பதற்கு ஒரு மணி உண்டு என்பதே அக்கதையில் நான் பெரிதாகக் கருதுவது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சிறுவர் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோரையோ உரிமையாளரையோ பொறுப்பாக்கி, மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க வழி செய்தது. கடுமையான பிரிவுதான். ஆனால் மோட்டார் வாகனம் அன்று என்று ஒதுக்கப்பட்ட வண்டியை அதுவும் தொடாது. மணி இருக்கிறது, கயிறு எட்டவில்லை.

இவ்வளவு எழுதியபின், இவர் மின்ஊர்திக்கே எதிரி என்று எவரும் எண்ணிவிட வேண்டா. நான் எதிரியல்லன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து எழுந்த மிதிவண்டி இயக்கத்தை மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். அன்று மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான ஊர்ப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். கேலி செய்தவர்கள் பிறகு தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் சைக்கிள் வாங்கித் தந்தனர். இன்று நம் பள்ளத்தாக்கில் அதே மாற்றத்தை மின்ஸ்கூட்டர் செய்துகொண்டிருக்கிறது. பெட்ரோல் போட ஆண் துணையையோ காசையோ எதிர்பாராமல், இரவில் வீட்டுச் சுவரில் மின்னேற்றி, காலையில் கொடித்தோட்டத்திற்கும் நூற்பாலைக்கும் பெண்கள் போய்வருகிறார்கள். நம் கல்லூரி மாணவியர் பலர் பேருந்துக்காகக் காத்திருந்த காலம் மாறி, தாமே ஓட்டி வருகிறார்கள். பர்தா அணிந்த மாணவி தன் தாயைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்வதைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்கிறேன். இந்த வண்டியைப் பறித்துக்கொள்ளச் சொல்லும் எந்தக் கருத்துக்கும் நான் உடன்படேன்.

தமிழகத்துக்கும் இத்தொழிலுக்கும் உள்ள உறவு பெருமைக்குரியது. 1993இல் தில்லியில் காட்சிக்கு வந்த 'லவ்பர்ட்' என்னும் சிறு மின்கார் கோயம்புத்தூரோடும் சாலக்குடியோடும் தொடர்புடையது. காலத்துக்கு முந்திப் பிறந்ததால் நிலைக்கவில்லை. 2013இல் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர் இருவர் தொடங்கிய ஏதர் நிறுவனம் ஓசூரில் வண்டி செய்கிறது. போச்சம்பள்ளியில் ஓலாவின் பெருந்தொழிற்சாலை 2021இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. டி.வி.எஸ். நிறுவனம் 2020இல் ஐக்யூப் என்னும் மின்ஸ்கூட்டரைக் கொணர்ந்தது. பதிவெண்ணும் காப்பீடும் உடைய இத்தகைய வண்டிகளுக்குப் பச்சை நிறப் பலகை தரப்படுகிறது. ஆகவே சட்டத்துக்குள் நின்றே இத்தொழில் வளர முடியும் என்பது கண்கூடு. பச்சைப் பலகை வண்டி ஓட்டும் பெண்ணுக்கு உரிமம் எடுப்பது தடையாக இருக்கவில்லையே! பலகையே இல்லாத வண்டிகளைப் பற்றித்தான் என் முறையீடு.

இனி மலைக்குச் செல்வோம்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தென்பழனியில் வனத்துறைச் சோதனைச் சாவடி. அதன்பின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்கு மலர்களின் பெயர் சூட்டியவர் எவராயினும் தமிழ்த்துறையின் வாழ்த்து அவருக்கு உரியது. மேலே ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராசாமெட்டு என்று தேயிலைத் தோட்டங்களும் நீர்த்தேக்கங்களுமாக விரியும் உலகம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்குள்ள நீர்த்தேக்கங்களின் நீர்தான் குழாய்வழி இறங்கிச் சுருளியாறு மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. கூடலூரையடுத்த லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீரும் அதே பணியைச் செய்கிறது. நம் வண்டியில் ஏறும் மின்சாரத்தில் ஒரு துளியாவது மேகமலையின் மழை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்பதையும் உடன் சொல்லாவிட்டால் அது கவிஞர் கூற்றாகிவிடும்.

விடுமுறை நாள்களில் நம் இளைஞர்கள் மின்ஸ்கூட்டரில் மேகமலை ஏறப் புறப்படுகிறார்கள். இதில் சில கணக்குகளைப் பார்த்தல் நலம். 250 வாட் வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 150 கிலோ என்று கொள்வோம். பதினைந்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், அதன் மோட்டாரால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் அவ்வெடையை ஏற்ற இயலாது. உராய்வைக் கூட்டினால் அதனினும் குறையும். சிறிது நேரம் கூடுதலாக உழைக்கும், பிறகு சூடேறி நின்றுவிடும். நிற்கும் இடம் யானை நடமாடும் வளைவாக இருந்தால் தள்ளிக்கொண்டு ஓடவும் முடியாது. பெரிய பேட்டரி உள்ள வண்டிகள் ஏறிவிடும். 150 கிலோவை 1,100 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் தேவைப்படும் ஆற்றல் அரை யூனிட் மின்சாரத்துக்கும் குறைவுதான் என்று இயற்பியல் துறை நண்பர் கணக்கிட்டுத் தந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஒரு மலையையே ஏறுவதற்கு அரை யூனிட்!

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. இறங்கும்போது சக்கரத்தின் சுழற்சியால் பேட்டரிக்கு மின்னேற்றி, அதன்மூலம் வேகத்தையும் குறைக்கும் ஏற்பாடு பல மின்ஸ்கூட்டர்களில் உண்டு. பேட்டரி நிறைந்திருந்தால் வரும் மின்சாரத்தை ஏற்க அங்கே இடமில்லை. அந்தத் தடுப்புவிசை குறைந்துவிடும் அல்லது இல்லாமலே போகும். மேலே இரவு தங்கி, பேட்டரியை நிரப்பிக்கொண்டு, காலையில் பதினெட்டு வளைவுகளையும் இறங்குபவர் இதனை அறிந்திருக்க வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைச்சாலை ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பாடம். கியரே இல்லாத வண்டிக்கு அந்தப் பாடம் பொருந்தாது. பழைய அனுபவம் கைகொடுக்காத இடத்தில் புதிய பயிற்சி வேண்டும். பயிற்சியே தேவையில்லை என்று சொல்லி விற்கும் வண்டிக்கு அது எங்கிருந்து வரும்?

2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம். இரவில் சுற்றுலா வண்டிகளை மேலே விடுவதில்லை என்ற கட்டுப்பாட்டைக் கண்டு சலித்துக்கொள்பவர் பலர். "புகை இல்லை, ஓசை இல்லை, மின்மிதிவண்டியைத் தோட்டத்துப் பாதைகளிலும் காட்டுப் பாதைகளிலும் விட்டால் என்ன தீங்கு?" என்று ஒரு வாதம் இப்போது எழுகிறது. சுற்றுலா வளர்ச்சியில் அக்கறை உள்ளவர்களே சொல்கிறார்கள். புகையின்மை நல்லது, ஒப்புகிறேன். அகநானூற்றுத் தலைவன் மணிநாவைக் கட்டியதும் இதே காட்டு நிலத்தில்தான். எனினும் அவன் சென்றது வழக்கமான தேர்வழியில், வீடு திரும்பும் ஒரே நோக்கத்தோடு. யானைகூட வருபவரை முன்கூட்டியே அறிந்தால் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். வளைவில் திடீரென்று, பத்தடி தூரத்தில், ஓசையே இல்லாமல் ஒரு வண்டியைக் கண்டால் அது என்ன செய்யும் என்பதைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைக் கேட்டால் சொல்வார்கள். காட்டுமாடும் அப்படியே. நடந்து செல்பவர் தொடமுடியாத ஆழத்தை மோட்டார் பொருத்திய மிதிவண்டி எளிதில் எட்டிவிடும் என்பது இன்னொரு கேடு. தார்ச்சாலையில் மின்வண்டி வரட்டும். ஒற்றையடிப் பாதைகளை விலங்குகளுக்கும், அங்கே வாழ்ந்து நடந்து பழகியவர்களுக்கும் விட்டுவிட வேண்டும்.

சாலைக்கும் பாதைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிற நாடுகள் தட்டித் தடவித்தான் கற்றன. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டரை முதலில் நடைபாதையில் அனுமதித்தார்கள். 15 கிலோமீட்டர் வேக வரம்பைப் பிறகு 10 ஆகக் குறைத்தார்கள். 2019 செப்டம்பரில் மிதிவண்டியில் சென்ற அறுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் மின்ஸ்கூட்டர் மோதி உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்கு முற்றாகத் தடை. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. உணவு கொண்டுசேர்க்கும் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் பிழைப்புப் போயிற்றென்று முறையிட்டனர். அவர்கள் வேறு வண்டிக்கு மாற 70 லட்சம் வெள்ளி உதவித்தொகையும் ஒதுக்கப்பட்டது. 2022 முதல் பொதுப்பாதையில் மின்ஸ்கூட்டரோ மின்மிதிவண்டியோ ஓட்டுபவர் எழுத்துத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். நம்மூரில் தேர்வே கேட்காத 25 கிலோமீட்டர் வேகத்துக்கு அங்கே தேர்வு, பதிவெண், பதினாறு வயது!

பாரிசில் 2023 ஏப்ரலில் வாடகை மின்ஸ்கூட்டர் வேண்டுமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். வாக்களித்தவரில் நூற்றுக்கு 89 பேர் வேண்டாம் என்றனர். செப்டம்பரோடு அவை அகற்றப்பட்டன. வாக்களிக்க வந்தவர்கள் எட்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் அதை ஊரார் தீர்ப்பென்று நான் கொள்ளமாட்டேன். இங்கிலாந்திலோ, வாடகை வண்டிகளுக்கு 2020 முதல் சோதனை முறையில் இடம் தந்துவிட்டு, சொந்தமாக வைத்திருக்கும் மின்ஸ்கூட்டரைப் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாதென்று வைத்திருக்கிறார்கள். கடையில் மட்டும் தாராளமாக விற்கிறார்கள். விற்பதற்கு ஒரு சட்டம், ஓட்டுவதற்கு ஒரு சட்டம் என்பது நமக்கு மட்டுமே உரிய சிறப்பன்று என்று தெரிந்து ஓரளவு ஆறுதலடைந்தேன்.

நடைபாதையே இல்லாத ஊரில் நடைபாதைத் தடையைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று மாணவர் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. திண்டுக்கல் – குமுளி நெடுஞ்சாலை நம் ஊர்களின் நடுவே புகுந்து செல்லும் இடங்களில் நடப்பவருக்கென்று என்ன இருக்கிறது? கால்வாய்மேல் பாவிய பலகைக்கற்களில் பாதி கடைக்காரர்க்கு, மீதி நிறுத்திவைத்த வண்டிகளுக்கு. தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் கூறி, மாநிலங்கள் வழிமுறைகளை வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. தீர்ப்பு தில்லியில் இருக்கிறது. பலகைக்கல் நம் கடைத்தெருவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டியவர்கள் நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்கள். அவர்களில் நம் கல்லூரியின் பழைய மாணவர்களும் இருக்கிறார்கள்; இம்மலர் அவர்கள் கைக்கும் போகும்.

வீட்டுக்குள் நேரும் ஆபத்தையும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் மின்னேற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகை சூழ்ந்து, தந்தையும் மகளும் இறந்த செய்தியை எவரும் மறந்திருக்க முடியாது. அதன்பின் பேட்டரிப் பாதுகாப்பு நெறிகள் இறுக்கப்பட்டன. என்றாலும் நம் வீடுகளில் வண்டி நிற்பது பெரும்பாலும் வாசற்படியை ஒட்டிய நடையில். வெளியேறும் ஒரே வழியும் அதுவே. தூங்கும்போது வாசலை அடைத்துக்கொண்டு மின்னேற்றுவதை இன்றே நிறுத்தலாம். இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

நான் கேட்பது பெரிதன்று. மிதிக்கட்டை இல்லாத, இருக்கையில் அமர்ந்து ஓட்டும் மின்ஸ்கூட்டர் எத்துணை மெதுவானதாயினும் அதனை மிதிவண்டிக் கணக்கில் சேர்க்கலாகாது. பதினாறு வயது, ஒரு நாளில் முடியும் எளிய தேர்வு, ஒரு பதிவெண், ஆண்டுக்குச் சிறுதொகையில் மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவை போதும். மிதித்து ஓட்டும் மின்மிதிவண்டிக்கு இப்போதுள்ள விலக்கு நீடிக்கட்டும். இதனால் விற்பனை குறையும் என்று வணிகர் அஞ்சுவர். ஏழைக்கு வண்டி எட்டாமற் போகும் என்று சிலர் சொல்வர். அந்த அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். பதிவுக் கட்டணத்தை அரசே விட்டுக்கொடுக்கலாம். பச்சைப் பலகை வண்டிகளுக்கு வரிச்சலுகை அளித்த அரசுக்கு இது பெருஞ்சுமையாகாது. காப்பீட்டை மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது. அது ஓட்டுபவரின் பணமன்று, மோதப்படுபவருக்கு உரியது.

ஓசையைப் பற்றியும் முடிவு காண வேண்டும். மெதுவாகச் செல்லும்போது மெல்லிய ஒலி எழுப்பும் கருவியை மின்கார்களில் பொருத்த வேண்டும் என்று ஐரோப்பாவில் 2019 முதலே கட்டாயமாக்கத் தொடங்கினர். ஸ்கூட்டருக்கும் அது வரட்டும். அதுவரை கைப்பிடியில் ஒரு சைக்கிள் மணி போதும். என் சிறுவயதில் சின்னமனூர்ச் சந்தைக்கு விடியலில் வண்டிகள் வரும். காளைகளின் கழுத்து மணியும் அச்சின் கீழ் ஆடும் அரிக்கேன் விளக்குமே அவற்றின் பதிவெண்கள். வண்டிக்காரர் தூங்கினாலும் மணி தூங்காது.

பெரியத்தா இப்போது கைத்தடியோடு மறுபடியும் பள்ளிவாசலுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். அந்தச் சிறுவனே சில நாள்களில் அவர் கையைப் பிடித்து அழைத்துவருகிறான். அவன் வண்டி வீட்டில் பூட்டிக் கிடக்கிறது. பதினாறு வயது வரை அது வெளியே வராது என்று அவன் தந்தை தாமாகவே முடிவு செய்திருக்கிறார். அவன் நண்பர்களின் வண்டிகள் நான்கோ ஐந்தோ, அதே தெருமுனையில், அதே நேரத்தில் தனிப்பயிற்சிக்குத் திரும்புகின்றன. நம் கல்லூரி வாயிலிலும் காலை ஒன்பதரை மணிக்கு அவற்றைப் பார்க்கலாம். வாயிலிலிருந்து வண்டி நிறுத்தும் கொட்டகை வரையேனும் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும் என்று ஒரு வழக்கத்தை வரும் கல்வியாண்டில் ஏற்படுத்துமாறு முதல்வர் அவர்களையும் ஆட்சிக்குழுப் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோல் வண்டிகளுக்கும் சேர்த்தே.